பிழைக்க வந்த ஊரின் ஊழலைப் பேசுவது எப்படி

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த வருடம் 2013. அந்த ஏப்ரல் கடைசியில், பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்டர்குளூஃப் விமானப்படைத் தளத்தில் இந்தியாவிலிருந்து ஒரு விமானம் வந்து இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் கல்யாண விருந்தாளிகள். உத்தரப் பிரதேசத்து சஹாரன்பூரிலிருந்து 1993-இல் வந்து இங்கே தொழில் தொடங்கிய குப்தா சகோதரர்கள் வீட்டுக் கல்யாணம், சன் சிட்டி என்ற உல்லாச விடுதியில் விருந்து. அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு வேண்டப்பட்டவர்கள் என்பதால் ராணுவத் தளமே அவர்களுக்கு வாசலாகிவிட்டது. அதற்கு முன்பு வரை, இந்தியன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் டெண்டுல்கரைப் பற்றிக் கேட்பாராம். என் காலத்தில் எல்லோரும் குப்தாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இங்கே வேலைக்கு வரப்போகிற, அல்லது புதிதாக வந்திருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, வாடகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிக் கொடுப்பார்கள். இந்த நாட்டின் ஊழலைப் பற்றி எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வந்த முதல் வாரத்திலேயே தேவைப்படும் பாடம் இது. ஏனென்றால் இங்கே ஊழலைப் பற்றிப் பேசாத ஆளே கிடையாது. டாக்ஸி, முடிவெட்டும் கடை, கோயில் பந்தி, எங்கே போனாலும் அதே பேச்சு. அவர்கள் பேசலாம். நாம் அதே வாக்கியத்தைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

முகம் மாறுவதில் தப்பும் இல்லை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் 2024 ஊழல் பட்டியலில் நூற்றுக்குத் தென்னாப்பிரிக்கா 41, இந்தியா 38. மதிப்பெண் கூடக்கூடச் சுத்தம் என்று அர்த்தம். பொதுப்பணித்துறை, பத்திரப்பதிவு, பிணவறை என்று ஒவ்வொரு வாசலிலும் ரேட் தெரிந்து வளர்ந்தவன் 'இந்த ஊரே இப்படித்தான்' என்றால் கேட்பவனுக்குக் கோபம் வருமா, வராதா?

நான் குடியிருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஐம்பது வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களின் வம்சம் நிறைந்திருக்கும் பகுதி இது. பெயரில் பிள்ளை, நாயுடு, கோவெண்டர் எல்லாம் உண்டு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பேச்சு மட்டும் ஆங்கிலம். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா டர்பன் நகராட்சியில் தெருக் கூட்டியவர். மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்களை நிறவெறி அரசு அறுபதுகளில் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டது. இந்த நகராட்சியின் ஊழலைப் பற்றி அவர் பேசினால் அதற்கு ஒரு உரிமை இருக்கிறது. எனக்கு அது கிடையாது என்பதை முதலில் புரியவைத்தவரும் அவர்தான்.

குப்தா பேச்சு வந்த ஒரு நாள், 'உங்க ஆளுங்கதானே' என்று யாரோ அவரிடமும் கேட்டுவிட்டார்கள். மனிதர் கொதித்துப்போய்விட்டார். "என் ஆளு பிரவின் கோர்தன். டர்பன்ல பொறந்தவர். நிதியமைச்சரா இருந்து கஜானாவைக் காவல் காத்தவர். அவரைத் தூக்கினது யாரு?" 2017 மார்ச் கடைசியில் ஜூமா நள்ளிரவில் அமைச்சரவையை மாற்றி கோர்தனை நீக்கியதைச் சொல்கிறார். ஊழல்காரனும் இந்திய முகம், எதிர்த்து நின்றவரும் இந்திய முகம் என்றால், முகத்தை வைத்து என்ன கணக்குப் போடுவது? எனக்கு அந்த வாதம் அப்படியே மனதில் நின்றுவிட்டது.

நாட்டுப்பற்று எப்படிக் கண்ணைக் கட்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. 2000 ஏப்ரல் 7. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித் தலைவர் ஹான்சி குரோனியே பந்தயத் தரகர்களோடு பேசியதைத் தொலைபேசியில் ஒட்டுக்கேட்டதாக டெல்லி போலீஸ் அறிவித்தது. இங்கே ஒருவரும் நம்பவில்லை. அவர் அப்பழுக்கற்றவர் என்று கிரிக்கெட் வாரியமே சொன்னது. இந்தியப் போலீஸுக்கு என்ன யோக்கியதை என்று பேச்சு கிளம்பியது. அங்கிள் வேலை பார்த்த துணி ஆலையில் அந்த நாட்களில் டீ நேரத்தில் இந்திய வம்சாவளிக்காரர்கள் வாயே திறக்கவில்லையாம். நாலே நாளில், ஏப்ரல் 11 அன்று, தான் முழுவதும் உண்மை பேசவில்லை என்று குரோனியே ஒப்புக்கொண்டார். குற்றம் சொன்னது லஞ்சத்துக்குப் பேர்போன ஊரின் போலீஸ். குற்றம் செய்தது நாட்டின் செல்லப்பிள்ளை. சொன்னது என்னவோ நிஜம்.

நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, விளையாட்டு வீரர்கள் தங்கும் இடம் அசிங்கமாகக் கிடப்பதாக வெளிநாட்டு அதிகாரிகள் படத்தோடு சொன்னார்கள். மேலைநாட்டாரின் சுத்தம் வேறு, நம் சுத்தம் வேறு என்ற மாதிரி ஏற்பாட்டுக் குழுவிலிருந்து பதில் வந்தது. அப்போது நான் விருதுநகரில் வேலையில் இருந்தேன். ஆபீஸில் பாதிப் பேர் வெள்ளைக்காரனைத் திட்டினார்கள், மீதிப் பேர் கமிட்டியைத் திட்டினார்கள்.

அதே வருடம் இங்கே கால்பந்து உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவால் நடத்தவே முடியாது, போட்டியை வேறு நாட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதின. அருமையாக நடத்திக் காட்டினார்கள். அங்கிள் வீட்டில் இன்னும் அந்த வுவுசெலா ஊதுகுழல் மாட்டியிருக்கிறது. ஆனால் 2013-இல், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 15 கட்டுமான நிறுவனங்களுக்கு 146 கோடி ராண்ட் அபராதம் போட்டது. உலகக் கோப்பை மைதானங்கள் உள்படப் பல வேலைகளில் கூட்டுச் சேர்ந்து டெண்டர் விலையை ஏற்றியிருந்தார்கள். 'ஆப்பிரிக்கர்களுக்குத் திறமை போதாது' என்ற விமர்சனம் பொய்யாய்ப் போனது. கோட் சூட் போட்ட பெரிய கம்பெனிகள் உள்ளே அடித்த கொள்ளையை அந்த விமர்சகர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் வெளியிலிருந்து ஒரு விமர்சனம் வந்தால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கையில் காகிதம் இருக்கிறதா? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2025 மே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் ராமபோசாவை உட்கார வைத்து டிரம்ப் ஒரு வீடியோ போட்டார். சாலை ஓரம் வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். கொல்லப்பட்ட வெள்ளைக்கார விவசாயிகளின் கல்லறைகள் என்றார். அந்தச் சாலை எங்கள் மாகாணத்தில் நியூகாசிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2020-இல் ஒரு விவசாயத் தம்பதி கொல்லப்பட்டபோது, அஞ்சலிக்காகவும் எதிர்ப்பைக் காட்டவும் நட்ட சிலுவைகள் அவை. அங்கே கல்லறை எதுவும் இல்லை. மறுநாள் ஆபீஸில் கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லோரும் ஒரே கட்சி. அப்படி ஒரு ஒற்றுமையை அதற்கு முன் நான் பார்த்தது 2023 ரக்பி உலகக் கோப்பையை 12-11 என்று ஜெயித்த ராத்திரியில்தான். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு யார் எந்த டெண்டரைப் பற்றிக் கேட்டாலும் 'நீயும் டிரம்ப் ஆளா' என்று வாயடைத்துவிடலாம். பொய்யான வெளிநாட்டு விமர்சனத்தைப் போல உள்ளூர்த் திருடனுக்கு உதவுவது வேறில்லை.

இன்னொரு உதாரணம் 2023 பிப்ரவரியில் நடந்தது. கறுப்புப் பணத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் தென்னாப்பிரிக்காவைச் 'சாம்பல் பட்டியலில்' சேர்த்தது. இங்கேயும் 'பணக்கார நாடுகளின் சதி' என்று குரல் எழும்பத்தான் செய்தது. ஆனால் அவர்கள் குறைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். பணமோசடி வழக்குகள் போதவில்லை, கம்பெனிகளின் நிஜ முதலாளி யாரென்று தெரியவில்லை என்ற ரீதியில். நான் கணக்குப் பிரிவில் இருப்பதால் அதன் பலனைக் கையால் தொட்டேன். எங்கள் கம்பெனியின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று பதிவு அலுவலகத்துக்கு முதல் முறையாகத் தாக்கல் செய்ய வேண்டி வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது வங்கியில் கூடுதலாக நாலு கேள்வி. எரிச்சல்தான். ஆனால் பினாமி பேரில் டெண்டர் எடுப்பவனுக்கு அதைவிட எரிச்சலாக இருந்திருக்கும். 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, இரண்டு வருடம் முன்பு சதி என்றவர்களே சான்றிதழ் வாங்கியது போலப் பேசினார்கள்.

அப்புறம், மறுபாதி. வெளிநாட்டுக்காரர்கள் ஊழலைப் பற்றிப் பேசும்போது தங்கள் ஊர்க் கம்பெனிகளின் பெயரை விட்டுவிடுவார்கள். குப்தா காலத்தில் ஜூமாவைக் காப்பாற்ற 'வெள்ளையர் ஏகபோக மூலதனம்' என்று இனப் பகையைத் தூண்டும் பிரசாரத்தை நடத்திக் கொடுத்தது லண்டனின் மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிஞ்சர். 2017-இல் அதன் தொழில் சங்கமே வெளியேற்றியது, கம்பெனி மூழ்கியது. மின்வாரியமான எஸ்காம், ரயில் துறையான டிரான்ஸ்நெட் இரண்டிலும் வேலை எடுப்பதற்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் அமெரிக்க ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி 2024 டிசம்பரில் 12 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒத்துக்கொண்டது. ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி அதே வருட ஆரம்பத்தில் 22 கோடி டாலருக்கு மேல். அமெரிக்க ஆலோசனை நிறுவனமான பெய்ன், இங்கே வருமான வரித் துறையைச் சீரழித்ததில் பங்கு இருந்ததால் பிரிட்டிஷ் அரசு ஒப்பந்தங்களிலிருந்தே 2022-இல் தள்ளிவைக்கப்பட்டது.

என் தொழில் புத்திக்கு இதில் எல்லாவற்றையும்விட உறைப்பது அந்த சன் சிட்டி கல்யாணக் கணக்குதான். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்கென்று ஒரு பால்பண்ணைத் திட்டம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி வெளிநாடு சுற்றி வந்து கல்யாணச் செலவுக்குப் போனதாக 2017-இல் கசிந்த மின்னஞ்சல்கள் காட்டின. குப்தாக்களின் ஒரு கம்பெனி அந்தச் செலவை எழுதியதோ வியாபாரச் செலவு என்று. அந்தக் கம்பெனிக்குத் தணிக்கை செய்தது கேபிஎம்ஜி. பந்தி, பூ அலங்காரம், ஆட்டம் பாட்டம் எல்லாம் எந்தத் தலைப்பின் கீழே போயிருக்கும் என்று ஒரு கணக்காளனாக எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் ஐம்பது ராண்ட் டீச் செலவுக்கே பில் இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கேபிஎம்ஜியின் தென்னாப்பிரிக்கத் தலைமை மொத்தமாக வெளியேறியது. அந்தச் சகோதரர்கள் 2019-இல் நம் உத்தராகண்ட் அவுலியில் இன்னும் இரண்டு கல்யாணம் நடத்திவிட்டு மலை முழுக்கக் குப்பையைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது கொசுறுத் தகவல்.

நடைமுறைக்கு வருகிறேன்.

சாலையில் போக்குவரத்து அதிகாரி நிறுத்தி, 'இன்னைக்கு ரொம்ப வெயில், ஒரு கூல்டிரிங்க்' என்பார். பாதிச் சிரிப்போடுதான் கேட்பார். சண்டை போடாதீர்கள், வீடியோ எடுக்கிறேன் என்று போனை நீட்டாதீர்கள். 'ஃபைன் எழுதிக் கொடுங்கள் சார், கட்டிவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருங்கள். சீட்டுக் கேட்டால் அதில் அவர் பெயரும் எண்ணும் வரவேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். நிஜமாகவே தப்பு செய்திருந்தால் சீட்டு கைக்கு வரும், வாங்கிக்கொண்டு போய்க் கட்டுங்கள். வெளிநாட்டுக்காரன் லஞ்சம் கொடுத்து மாட்டினால் விசாவே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டுமானம், சப்ளை தொழிலில் இருப்பவர்களுக்கு 'முப்பது சதவீதம்' தெரிந்திருக்கும். அரசு வேலை நடக்கும் இடத்துக்கு நாலைந்து வண்டியில் ஆட்கள் வந்து, ஒப்பந்தத்தில் 30 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்குச் சேரவேண்டும் என்பார்கள். எங்கள் சைட்டுக்கும் வந்தார்கள். ஒருவர் பெல்ட்டில் துப்பாக்கி, அதை மறைக்கக்கூட இல்லை. எங்கள் மேலாளர் சூலு இனத்தவர். நிதானமானவர். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு, 'கம்பெனிப் பதிவு, வரிச் சான்று, என்ன வேலை செய்வீர்கள் என்ற விவரம், மூன்றையும் கடிதத்தில் கொடுங்கள், முதலாளிக்கு அனுப்புகிறேன்' என்றார். ஒரு பையன் மட்டும் நிஜமாகவே கடிதம் கொண்டுவந்தான். அவனுக்கு வேலி கட்டும் வேலை கிடைத்தது, நன்றாகவே செய்தான். மற்றவர்கள் வாரக்கணக்கில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். இது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், இந்த விவகாரத்தில் ஆட்களைச் சுட்டே கொன்றிருக்கிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் நம் ஆள் ஒருவர் முன்னால் போய் நியாயம் பேசுவது வீரம் கிடையாது. உள்ளூர்க்காரரைப் பேசவிடுங்கள்.

புகார் கொடுக்க வேண்டுமென்றால் தேசிய ஊழல் தடுப்பு எண் 0800 701 701, காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் அலுவலகமும் இலவசம். இந்த அலுவலகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். துலி மடோன்செலா அந்தப் பதவியில் இருந்தபோதுதான், ஜூமாவின் ந்கான்ட்லா வீட்டுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு 24 கோடி ராண்டுக்கு மேல் செலவழித்ததை 2014-இல் எழுதினார். நீச்சல்குளத்தைத் தீயணைக்கும் குளம் என்று விளக்கம் சொன்னார்கள். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதிபர் தன் கையிலிருந்து 78 லட்சம் ராண்ட் கட்டினார். பதவியில் இருக்கும் தலைவரைக் கட்டவைத்த நாடு இது. நம் ஊரில் எப்போது நடந்தது? இந்த நாட்டுக்காரர்களிடம் ஊழலைப் பேசும்போது இந்தப் பகுதியையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

வேலை செய்யும் இடத்திலேயே தப்பைக் கண்டால்? தகவல் சொல்பவர்களைக் காக்க 2000-இலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் பபிதா தேவ்கரனை நினைவில் வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் சுகாதாரத் துறையில் நிதிக் கணக்கு அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையில் கோடிக்கணக்கில் போன சந்தேகமான பணப்பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்ட் 23 காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவரை ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட ஆறு பேர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார்கள். அவர் பார்த்தது நான் தினமும் பார்க்கிற மாதிரியான தாள்கள்தான்: சப்ளையர் பெயர், தொகை, தேதி. சந்தேகம் வந்தால் நகலெடுங்கள், முதலில் வெளி வக்கீலிடம் பேசுங்கள். ஆபீஸ் மின்னஞ்சலில் எதையும் எழுதாதீர்கள். ஆபீஸ் நண்பரிடமும் சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் ஜூமா சிறைக்குப் போனதும் டர்பன் பற்றி எரிந்தது. நாட்டில் 350 பேருக்கு மேல் செத்தார்கள். இந்தியர்கள் நிறைய வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். 'வருகிறார்கள், வருகிறார்கள்' என்று ராத்திரி முழுக்க வந்த குரல் பதிவுகள் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றின. ஊழல் செய்தியோ கலவரச் செய்தியோ, நம் கையிலிருந்து ஃபார்வர்ட் ஆக வேண்டாம்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள். என் மச்சான் வந்தபோது, கரண்ட் போன நேரத்தில், அங்கிளை வைத்துக்கொண்டே, "வெள்ளைக்காரன் இருந்தப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சாமே மாமா" என்றான். தமிழ் புரியாவிட்டாலும் தொனி புரிந்துவிட்டது. அங்கிள் என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. 1970-களில் நிறவெறி அரசு நிறவெறிக்கு நல்ல பேர் வாங்கித் தர ரகசியமாக அரசுப் பணத்தைக் கொட்டி ஒரு ஆங்கிலப் பத்திரிகையையே நடத்தியதையும், குட்டு உடைந்து 1979-இல் அதிபராக இருந்த ஃபார்ஸ்டர் பதவியை விட்டதையும் சொன்னார். "அப்போ எங்க அப்பா கூட்டின தெருவுக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டா உதைப்பாங்க. இப்போ கேக்கலாம், பதில் வராது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பதில் வரவைக்கத்தான் இப்போது முயற்சி. இங்கே தகவல் பெறும் சட்டம் நம் ஆர்டிஐ-க்கும் முன்னால், 2000-இல் வந்தது. நகராட்சி அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் வருமானமில்லாமல் போகிறது. எங்கள் தெருக் குழாயைச் சரிசெய்ய எந்த ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கிள் மனுப் போட்டிருக்கிறார். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். மனுவில் அவர் கையெழுத்து மட்டும்தான். தொகைகளைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. வார்டு கூட்டத்தில் பேசப்போவதும் அவர்தான், நான் பின்வரிசையில் கால்குலேட்டரோடு இருப்பேன்.